மிஃபா, பிஜே சிட்டி, அப்புறம்? காஜாங் பையன் இனி எந்தக் கிளப் கதவைத் தட்டுவான்?

சனிக்கிழமை ராத்திரி காஜாங்கில் எந்த மாமாக் கடையில் உட்கார்ந்தாலும் ஒரே காட்சிதான். பெரிய திரையில் இங்கிலீஷ் பிரிமியர் லீக் ஓடும். லிவர்பூல், ஆர்சனல், மான்செஸ்டர் யுனைடெட் சட்டை போட்ட நம்ம பசங்க, தே தாரிக் ஆறிப்போனதுகூடத் தெரியாமல், யாரை வாங்கணும் யாரை விற்கணும் என்று மேனேஜருக்கே பாடம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்களும் அந்த மேசையில் இருந்திருப்பீர்கள். நானும் இருந்திருக்கிறேன்.

அதே மேசையில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "மலேசிய லீக்கில் உங்க கிளப் எது?" சிலர் செலாங்கூர் என்பார்கள். ஒன்றிரண்டு பேர் ஜேடிதி என்பார்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுத் திரும்பவும் திரையைப் பார்ப்பார்கள். 2022 வரைக்கும் அந்தக் கேள்விக்கு இன்னொரு பதிலும் இருந்தது. அந்தப் பதில் எங்கே போச்சு, அது போனதால் 15 வயதில் பந்தோடு ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் தம்பிக்கு என்ன நஷ்டம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மிஃபா என்றால் என்ன?

மிஃபா என்பது மலேசிய இந்தியர் காற்பந்து சங்கத்தின் சுருக்கப் பெயர். மிஸ்க்-மிஃபா என்ற பெயரில் அதன் அணி நாட்டின் மூன்றாம் நிலைப் போட்டியான ஃபாம் லீக்கில் விளையாடி, 2017-ல் பிரிமியர் லீக்குக்கு ஏறியது. 2019-ல் சூப்பர் லீக். அப்போது பெயரும் மாறியிருந்தது: பெட்டாலிங் ஜெயா சிட்டி எஃப்சி. நாம் சுருக்கமாக பிஜே சிட்டி என்போம். கியூஐ குழுமத்தின் ஆதரவில் நடந்த கிளப். கெலானா ஜெயாவில் இருக்கும் எம்பிபிஜே அரங்கம்தான் வீடு. பயிற்றுநர்களாக முதலில் கே. தேவன், பிறகு பி. மணியம்.

இந்தியர் கிளப் என்றதும் முழுக்க முழுக்க நம்ம ஆட்கள்தான் விளையாடினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மலாய்க்காரர், சீனர், கலப்பு வம்சாவளியினர் எல்லாரும் இருந்தார்கள். வித்தியாசம் வேறு இடத்தில். மற்ற கிளப்களில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கக்கூடிய ஓர் இந்தியப் பையனுக்கு, இங்கே 90 நிமிஷம் கிடைக்க வாய்ப்பு இருந்தது. கோகிலேஸ்வரன் ராஜ் நல்ல உதாரணம். பிஜே சிட்டியில் விளையாடிக்கொண்டிருந்தபோதே, 2021-ல் அவருக்குத் தேசிய அணியின் கதவு திறந்தது. 20 வயது ஆட்டக்காரருக்குப் பயிற்சியைவிட, ஆட்ட நேரம்தான் பெரிய சொத்து. பந்து தொட்டவர்களுக்கு இது தெரியும்.

2022-ல் இந்தக் கிளப் இன்னொரு காரியமும் செய்தது. இறக்குமதி ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், உள்ளூர்க்காரர்களை மட்டும் வைத்து சூப்பர் லீக் ஆடியது. பணம் மிச்சம் பிடிக்கத்தானே என்று கேட்டவர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் எதிரணியில் பிரேசில்காரரும் ஆப்பிரிக்காக்காரரும் கோல் போட நிற்கும்போது, உள்ளூர் பசங்களை மட்டும் நம்பி இறங்குவது லேசுப்பட்ட விஷயமா, சொல்லுங்கள்?

அந்தப் பருவம் முடிந்ததும் பிஜே சிட்டி லீக்கிலிருந்து விலகியது. களத்தில் தோற்றுக் கீழே இறங்கவில்லை, தானாகவே விலகியது. அதே சமயம் மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் ஆகிய கிளப்களும் உரிமம் கிடைக்காமல் வெளியே போனதால், செய்தித்தாள்களில் இது ஒரு பத்தியோடு முடிந்துபோனது.

பெயர் மாறினால் கிளப் மாறுமா?

காற்பந்து ரசிகர்களுக்குத் தீராத சண்டை இது. இங்கிலாந்தில் விம்பிள்டன் கிளப் 2003-ல் ஊரையே விட்டு மில்டன் கீன்ஸுக்குக் குடிபோனது. அடுத்த ஆண்டு பெயரும் எம்கே டான்ஸ் ஆனது. கிளப் போகப்போகிறது என்று தெரிந்ததுமே, ரசிகர்கள் 2002-லேயே ஏஎஃப்சி விம்பிள்டன் என்று சொந்தமாக ஒன்றைத் தொடங்கி, அடிமட்ட லீக்கிலிருந்து ஏறி வந்தார்கள். அதாவது, கட்டடமும் உரிமமும் ஒரு பக்கம் போனது, அடையாளம் இன்னொரு பக்கம் போனது.

நம் பக்கம் கதை வேறு. மிஃபா பிஜே சிட்டி ஆனபோது யாரும் கொடி பிடிக்கவில்லை. சமூகத்தின் பெயரை எடுத்துவிட்டு நகரத்தின் பெயரை வைத்தால், எல்லா இனத்தவரும் அரங்கத்துக்கு வருவார்கள் என்பது கணக்கு. கணக்கு தப்பில்லை. ஆனால் பெட்டாலிங் ஜெயாக்காரருக்கு ஏற்கெனவே செலாங்கூர் இருக்கிறது. மலேசியக் கிண்ணத்தை 33 முறை தூக்கிய அணி அது. தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறையாகச் சிவப்பு மஞ்சள் சட்டை போடும் குடும்பங்கள் இருக்கும் மாநிலத்தில், புதுப் பெயரோடு வந்த கிளப்புக்கு ரசிகர் எங்கிருந்து கிடைப்பார்? நகரத்து ஆட்கள் வரவில்லை. நம்ம ஆட்களுக்கும் "இது நம்மளோடது" என்ற உரிமை கொஞ்சம் தளர்ந்துபோனது. என் கருத்து இதுதான்: பெயரை மாற்றியதுகூடப் பரவாயில்லை, மாற்றியபோது ரசிகரிடம் யாரும் கேட்காததுதான் பிழை. நம் பக்கத் தப்பும் உண்டு. காஜாங்கிலிருந்து எம்ஆர்டி எடுத்து, பாசார் செனியில் எல்ஆர்டிக்கு மாறினால் கெலானா ஜெயா. நம்மில் எத்தனை பேர் ஒரு தடவையாவது போனோம்?

ஸ்பெயினில் அத்லெடிக் பில்பாவோ பாஸ்க் மண்ணில் பிறந்தவர்களையோ வளர்ந்தவர்களையோ மட்டும்தான் எடுக்கும். மெக்சிகோவில் சிவாஸ் கிளப் மெக்சிகோக்காரர்களை மட்டும் எடுக்கும். குறுகிய மனசு என்று யாரும் அதைச் சொல்வதில்லை. ஏனென்றால் அங்கே அடையாளத்துக்குக் கீழே இளையோர் பயிற்சி என்ற அஸ்திவாரம் இருக்கிறது. வெளியிலிருந்து வாங்க முடியாது என்றால், உள்ளே வளர்த்துத்தானே ஆகணும்!

திடல் எங்கே?

நம் சமூகத்துக்குக் காற்பந்து புதுசு இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசிய அணிக்குத் தலைவர் எம். சந்திரன். அந்தப் போட்டியில் அமெரிக்காவை 3-0 என்று ஜெயித்தோம். 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய கோல் காவலர் ஆர். ஆறுமுகம், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் தூண். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்கள் போகவே இல்லை. 'ஓலா போலா' படம் பார்த்தவர்களுக்கு மீதி தெரியும். 2010-ல் சுசுகி கிண்ணத்தை ஜக்கார்த்தாவில் தூக்கியபோது பயிற்றுநர் கே. ராஜகோபால், அணியில் எஸ். குணாளன்.

இவர்களுக்கு முந்தைய தலைமுறைகளில் பலருக்கு முதல் அகாடமி தோட்டத்துத் திடல்தான். கட்டணம் கிடையாது, பூட்ஸ் கிடையாது. பால் மரத்திலிருந்து வந்த அப்பாக்கள் சாயங்காலம் ஒரு பக்கம், பசங்க இன்னொரு பக்கம். காஜாங்குக்குப் பக்கத்தில் பிராங் புசார் என்று ஒரு தோட்டம் இருந்தது. 1995-ல் கட்டுமானம் தொடங்கிய புத்ராஜெயா அந்த மண்ணில்தான் நிற்கிறது. செமினி, பாங்கி பக்கமும் ரப்பர் போய் வீட்டு வரிசைகள் வந்தன. மக்கள் அடுக்குமாடிக்குக் குடிபோனார்கள். திடல் கூட வரவில்லை.

இப்போது உங்கள் தம்பி பந்து தொடணும் என்றால் ஃபுட்சால் கோர்ட்டை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கணும். இல்லையென்றால் மாதக் கட்டணம் வாங்கும் அகாடமி. காசு இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு பொழுதுபோக்கு. காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வாசலே இல்லை. அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2014-ல் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது, பகாங் கம்பாங்கில் மொக்தார் டஹாரி அகாடமி இருக்கிறது, புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. ஆனால் அங்கே எடுப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள். 13 வயதில் உயரம் பத்தாமல் கழிக்கப்பட்ட பையன் 17 வயதில் புலியாக மாறலாம். அவனைத் திரும்பிப் பார்க்க ஊருக்கு ஊர் கிளப் வேண்டும். ஒரு சூப்பர் லீக் கிளப் மூடினால் கிளாங் பள்ளத்தாக்கில் குறைவது ஒரு முதல் அணி மட்டுமில்லை, அதன் கீழே இருந்திருக்கக்கூடிய இளையோர் அணிகளின் இடங்களும்தான்.

ஆட்டக்காரர் மாற்றம்: காசு யாருக்குப் போகிறது?

ஐரோப்பாவில் ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கோடிக்கணக்கில் கொடுத்து ஆட்டக்காரரை வாங்குவதைப் படிக்கிறோம். ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை என்பதற்குத்தான் அந்தப் பணம். ஒப்பந்தம் முடிந்துவிட்டால் ஆட்டக்காரர் இலவசம். 1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்பின் பலன் அது. நம் லீக்கில் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்கள் சகஜம். அதனால் பெரும்பாலும் மாற்றுத் தொகை என்று ஒன்று கைமாறுவதே இல்லை. பையனை வளர்த்த கிளப்புக்கு ஒரு நன்றிதான் மிஞ்சும். வளர்ப்பதில் காசு இல்லை என்றால் யார் வளர்ப்பார்? இங்கேதான் சிக்கல் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது.

ஃபிஃபா விதிகள் இதற்கு இரண்டு வழி வைத்திருக்கின்றன. முதலாவது பயிற்சி இழப்பீடு. ஆட்டக்காரர் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போதும், 23 வயதாகும் ஆண்டு முடியும்வரை நாடு விட்டு நாடு மாறும்போதும், அவருக்குப் பயிற்சி கொடுத்த கிளப்புக்குப் போகவேண்டிய பணம். இரண்டாவது ஒருமைப்பாட்டுப் பங்கு. ஒப்பந்தம் முடிவதற்குள் விலை பேசி வேறு நாட்டுக்கு மாறினால், அந்த விலையில் 5 விழுக்காடு, 12 வயதிலிருந்து 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். 12 முதல் 15 வயது வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் விலையில் 0.25 விழுக்காடு, 16-லிருந்து 23 வரை 0.5 விழுக்காடு.

கணக்குப் போடுங்கள். காஜாங்கில் ஒரு சின்னக் கிளப் ஒரு பையனை 12 முதல் 15 வயது வரை நான்கு ஆண்டு வளர்க்கிறது. அவன் பின்னாளில் 10 லட்சம் ரிங்கிட்டுக்கு வெளிநாடு போகிறான். கிளப்புக்கு 1 விழுக்காடு, அதாவது 10,000 ரிங்கிட். பெரிய காசு இல்லைதான். ஆனால் பந்து, வலை, திடல் வாடகை என்று பார்த்தால் சின்னக் கிளப்புக்கு ஒரு வருஷம் ஓடும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தக் கிளப் சங்கத்தில் பதிவானதாக இருக்கணும், பையனின் பெயரும் அங்கே பதிவாகியிருக்கணும். 2022 நவம்பரில் இயங்கத் தொடங்கிய பாரிஸ் நகரத்து ஃபிஃபா கணக்குத் தீர்வகம், மின்னணுப் பதிவுகளைப் பார்த்துத்தான் பணத்தைப் பிரிக்கிறது. நீங்கள் மாதக் கட்டணம் கட்டும் அகாடமி எங்கேயும் பதிவாகாத தனியார் வகுப்பு என்றால், காகிதத்தில் அந்த நான்கு வருஷமே கிடையாது. வளர்த்த கிளப் மூடிவிட்டால், அதன் பங்கை அந்த நாட்டுச் சங்கம் இளையோர் மேம்பாட்டுக்காகக் கேட்டு வாங்க விதியில் இடமுண்டு.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

உங்கள் வீட்டில் பந்து விளையாடும் பையனோ பொண்ணோ இருந்தால் இதை அம்மா அப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

18 வயதுக்குக் கீழே உள்ளவர் 3 ஆண்டுக்கு மேல் தொழில்முறை ஒப்பந்தம் போட முடியாது. அதற்கு மேல் எழுதினாலும் ஃபிஃபா அதை ஏற்காது. 18 வயதுக்குள் வெளிநாட்டுக் கிளப்புக்கு மாறுவது பொதுவாகத் தடை. குடும்பம் காற்பந்து அல்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபோவது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. ஆகவே "தம்பிக்கு 16 வயசு, ஐரோப்பாவில் கிளப் ரெடி, முதலில் இவ்வளவு கட்டுங்க அண்ணே" என்று யாராவது வந்தால், தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஏஜெண்டுக்கு ஃபிஃபா உரிமம் வேண்டும். வயது குறைந்த ஆட்டக்காரரை அணுகணும் என்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் முதலில் வேண்டும்.

சம்பள பாக்கி நம் லீக்கில் அடிக்கடி அடிபடும் சொல். இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால், கிளப்புக்கு எழுத்தில் அறிவித்து, குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து, அதற்கும் பதில் இல்லையென்றால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் புலம்புவது அறிவிப்பு ஆகாது. கடிதம், தேதி, நகல். இந்த மூன்றையும் ஒரு கோப்பில் வையுங்கள்.

குறுக்கு வழியும் நீண்ட வழியும்

2025 ஜூனில் வியட்நாமை 4-0 என்று ஜெயித்தபோது புக்கிட் ஜாலில் அரங்கமே ஆடியது. செப்டம்பரில் ஃபிஃபா ஏழு வம்சாவளி ஆட்டக்காரர்களின் ஆவணங்கள் போலி என்று சொல்லி மலேசியக் காற்பந்து சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம் விதித்தது. ஆட்டக்காரர்களுக்கு ஓராண்டுத் தடை என்றும் அறிவித்தது. மேல்முறையீட்டுக் குழுவும் நவம்பரில் அதையே உறுதிசெய்தது. அந்த நாள்களில் மாமாக் கடை மேசையில் எல்லாரும் ஆவணத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த ஏழு இடத்தில் விளையாட இங்கேயே வளர்ந்த ஏழு பேர் ஏன் தயாராக இல்லை என்ற கேள்வி எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது.

ஜேடிதியைப் பாருங்கள். 2013-ல் புது வடிவம் எடுத்தது, 2014 முதல் 2025 வரை சூப்பர் லீக் பட்டத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பணம் கொட்டிய கிளப் என்று திட்டுவது சுலபம். ஆனால் இறக்குமதிக்குச் செலவழித்த கையோடு பயிற்சித் திடலுக்கும் இளையோர் அணிகளுக்கும் செலவழித்தது. மற்ற கிளப்கள் முதல் பாதியை மட்டும் காப்பியடித்தன. சில கிளப்கள் சம்பளம் கொடுக்க முடியாமல் மூழ்கின.

பிஜே சிட்டி ஆடிய எம்பிபிஜே அரங்கத்தில் இப்போது செலாங்கூர் ஆடுகிறது. பழைய ஷா ஆலாம் அரங்கம் மூடப்பட்டதால் வந்த ஏற்பாடு இது. அதே புல், அதே நாற்காலி, வேறு சட்டை. அடுத்த வீட்டு ஆட்டம் இருக்கும் நாளில் தம்பியையும் கூட்டிக்கொண்டு எம்ஆர்டி ஏறுங்கள். முதல் அணி ஆடுவதை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பிரசிடென்ட் கிண்ணம் என்று இளையோருக்குத் தனிப் போட்டி இருக்கிறது. கூட்டமே இருக்காது, பயிற்றுநர் கத்துவதுகூடக் காதில் விழும். ஆட்டம் முடிந்ததும் இறங்கிப் போய், அடுத்த வயதுப் பிரிவுத் தேர்வு எப்போது என்று நேரடியாகவே கேட்டுவிடலாம்.