ஹெயிட்டியின் பூகம்பமும் வைத்திய தருமமும்

பூமியதிர்ச்சி இயற்கையின் செயல். ஆனால் அதிர்ச்சியிலே சரியும் சுவர்களைக் கட்டுவோர் மனிதர்; சரிந்த சுவரின் கீழ் அகப்பட்டவனைத் தூக்கிச் சென்று சேர்ப்பதற்கு ஓர் ஆஸ்பத்திரி உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பதும் மனிதரின் சரித்திரமே. 2010ஆம் ஆண்டில், ஏழு வாரங்களுக்குள், அமெரிக்கக் கண்டத்தின் இரு நாடுகள் இவ்வுண்மையை உலகுக்குப் புலப்படுத்தின.

அவ்வாண்டு ஜனவரி 12ஆந் திகதி ஹெயிட்டியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு மேற்கே சுமார் 25 கிலோமீற்றர் தொலைவில் மையங்கொண்ட அதிர்ச்சியின் அளவு 7.0. பெப்ரவரி 27ஆந் திகதி சிலி நாட்டின் கரையோரத்தைத் தாக்கிய அதிர்ச்சியின் அளவு 8.8. வெளிப்பட்ட சக்தியை நோக்கின், பின்னையது முன்னையதிலும் ஏறத்தாழ ஐந்நூறு மடங்கு பெரிது. சிலியில் மாண்டோர் ஐந்நூற்றுச் சொச்சம். ஹெயிட்டியிலோ மாண்டோர் மூன்று லட்சத்துக்கு மேல் என அரசாங்கம் கூறிற்று. அக்கணக்கை ஏற்காதோர் ஒரு லட்சத்தை ஒட்டியும், அதற்குக் கீழும் மதிப்பிட்டனர். எக்கணக்கைக் கொண்டாலும் வேற்றுமை திகைக்கச் செய்வதாகும். ஹெயிட்டியின் அதிர்ச்சி ஆழங் குறைந்தது, மக்கள் நெருங்கி வாழும் நகரை அண்டியது என்பன மெய்யே. எனினும் அவை மாத்திரம் இவ்வேற்றுமையை விளக்கப் போதா. 1960ஆம் ஆண்டில் 9.5 அளவான பேரதிர்ச்சியைக் கண்ட சிலி, கட்டட விதிகளை வகுத்து அவற்றை நடைமுறைப்படுத்தியிருந்தது. ஹெயிட்டியில் அத்தகைய விதியைச் செயற்படுத்த வல்ல அரசு இருக்கவில்லை.

அந்த ஜனவரி மாலையில் இடிந்தவற்றுள் ஒரு வைத்திய தரும ஸ்தாபனத்தின் ஆஸ்பத்திரிகளும் அடங்கும். உதவி செய்யச் சென்றவர்களே உதவி வேண்டி நிற்கும் நிலைக்கு ஆளாயினர். அந்நிலையில் அவர்கள் செய்தது யாது, செய்ய முடியாதுபோனது யாது என்பவற்றை ஆராயும்போது, தருமத்தின் பெருமையும் அதன் எல்லையும் ஒருங்கே தெளிவாகும்.

'எல்லைகளற்ற மருத்துவர்கள்' எனும் ஸ்தாபனம் 1971இல் பிரெஞ்சு வைத்தியர்களாலும் பத்திரிகையாளர்களாலும் பாரிஸில் நிறுவப்பட்டது. 1999இல் சமாதானத்துக்கான நோபல் பரிசினைப் பெற்றது. யுத்த காலத்திற் பருத்தித்துறை ஆஸ்பத்திரியிற் பணிபுரிந்தமையால் எமது வடபகுதி மக்களும் இதனை அறிவர். ஹெயிட்டிக்கு இது 1991இலேயே சென்றது. 2010 பிறந்தபோது தலைநகரில் டிரினிற்றே எனும் ஆஸ்பத்திரியில் வெட்டு, சூடு, விபத்து ஆகியவற்றாற் காயமுற்றோருக்குச் சத்திரசிகிச்சை அளித்துவந்தது. வேறோரிடத்தில் மகப்பேற்று ஆஸ்பத்திரியொன்றும், மார்த்திஸான் எனும் சேரிப்பகுதியில் அவசர சிகிச்சை நிலையமொன்றும் நடத்திற்று. இவை யாவும் இலவசம். அரசாங்கத்தின் பெரிய ஆஸ்பத்திரியிலேகூட நோயாளியின் உறவினர் கையுறையும் சேலைனும் வெளியே வாங்கிக் கொடுக்கவேண்டியிருந்த நாட்டில், இலவசம் எனுஞ் சொல்லின் பொருளை விளக்கவேண்டியதில்லை.

மாலை 4 மணி 53 நிமிடத்துக்குப் பூமி ஒரு நிமிடத்துக்குங் குறைவாகவே ஆடியது. டிரினிற்றே ஆஸ்பத்திரி இடிந்தது. நோயாளரும் ஊழியரும் உள்ளே அகப்பட்டனர். மகப்பேற்று ஆஸ்பத்திரி பெருஞ் சேதமடைந்தது. ஸ்தாபனத்தின் ஊழியருட் பலர் மாண்டனர். எஞ்சியோருட் பலர் வீடிழந்தனர், பிள்ளைகளை இழந்தனர். அரசின் நிலையும் அதுவே. ஜனாதிபதி மாளிகை சரிந்தது. சுகாதார அமைச்சுக் கட்டடம் வீழ்ந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியை அடுத்திருந்த தாதியர் பயிற்சிக் கல்லூரி இடிந்து மாணவியர் பலரைப் பலிகொண்டது. ஐக்கிய நாடுகள் சபையின் தலைமையகமும் தப்பவில்லை. நிவாரணத்தை ஒழுங்குசெய்ய வேண்டியவர்கள் யாவரும் இடிபாட்டின் கீழ்க் கிடந்தனர்.

இனி நடந்ததை நாம் கவனித்தல் வேண்டும். உலகத்துப் பத்திரிகைகளின் படங்களிலே வானத்திலிருந்து இறங்கிவந்த வெள்ளைக்கார வைத்தியர்கள் மிகுதியாகக் காணப்பட்டனர். ஆனால் முதல் இரவில் வானத்திலிருந்து எவரும் வரவில்லை. கொங்கிறீற்றுப் பாளங்களைக் கையாலும் கடப்பாரையாலும் பெயர்த்து அயலவரை மீட்டவர்கள் அயலவரே. கதவுப் பலகைகளிலும் தள்ளுவண்டிகளிலும் காயமுற்றோரைக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. ஸ்தாபனத்தின் ஊழியருட் பெரும்பாலார் ஹெயிட்டியர். தம் வீட்டார் உயிரோடிருக்கின்றனரா என்பதை அறியாமலே, ஆஸ்பத்திரி முற்றத்திலும் தெருவோரத்திலும் நின்று காயங் கட்டிய தாதியரும், சாரதியரும், காவலாளரும் அவர்களுள் அடங்குவர். இடிபாட்டிலிருந்து மீட்கக்கூடிய மருந்துகளை மீட்டனர். முற்றங்களிற் கூடாரம் அடித்தனர். சித்தே சோலெய் எனும் வறியோர் குடியிருப்பில், சுவர்கள் நிலைத்து நின்ற ஷொஸ்கால் என்ற ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்து, அங்கே சத்திரசிகிச்சையைத் தொடங்கினர்.

பூகம்பத்தின் காயம் தனி இயல்புடையது. உடைந்த எலும்பு தோலைக் கிழித்து வெளியே நிற்கும். மண்ணும் சீமெந்துத் தூளும் அதிற் புகும். இரண்டு மூன்று நாட்களுக்குட் சுத்தஞ் செய்யாவிடின் அழுகி, கையையோ காலையோ நீக்கினாலன்றி உயிர் நில்லாது. இதனிலும் வஞ்சகமானது நசிவுக் காயம். கற்பாளத்தின் கீழ் பல மணிநேரம் அழுந்திய தசை இறந்துபோகிறது. பாளத்தை நீக்கியவுடன், இறந்த தசையின் நச்சுப்பொருள்கள் இரத்தத்திற் கலந்து சிறுநீரகங்களை அடைத்துவிடும். சிலவேளை இருதயமே நின்றுவிடும். மீட்கப்பட்டுப் பேசிக்கொண்டிருந்தவன் அன்றிரவோ, சில நாட் கழித்தோ மாள்வான். 1941இல், ஜேர்மன் குண்டுவீச்சில் இடிந்த லண்டன் வீடுகளிலிருந்து மீட்கப்பட்டோரிடம் இந்நோயை வைத்தியர் பைவாட்டர்ஸும் அவருடன் பணியாற்றியோரும் விவரித்தனர். 1988இல் ஆர்மீனியப் பூகம்பத்தில் நூற்றுக்கணக்கானோர் இதற்கு ஆளாகியபின்னரே, பூகம்ப நிலத்துக்கு இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரங்களையும் கொண்டுசெல்ல வேண்டுமென்ற அறிவு உறுதிப்பட்டது. ஆகவே இங்கே காலந்தான் மருந்து. மூன்றாம் நாளில் வரும் வாளியளவு சேலைன், பத்தாம் நாளில் வரும் கப்பலளவு சேலைனிலும் மேலானது.

அந்த மருந்தே தடைப்பட்டது. தலைநகரின் ஒரே ஓடுபாதையின் நிர்வாகம் ஐக்கிய அமெரிக்க இராணுவத்தின் கைக்கு வந்திருந்தது. எவ்விமானம் முந்தி இறங்குவது என்பதை அவர்களே தீர்மானித்தனர். ஜனவரி 14ஆந் திகதி முதல் சில நாட்களுக்குள், ஸ்தாபனத்தின் ஐந்து விமானங்கள், மொத்தம் 85 தொன் மருந்தும் உபகரணமும் சுமந்தவை, இறங்க அனுமதியின்றி அண்டைநாடான டொமினிக்கன் குடியரசுக்குத் திருப்பப்பட்டன. 12 தொன் சரக்கும், அதனுடன் இரண்டு இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரங்களும் கொண்ட விமானமொன்று மூன்று தடவை திருப்பப்பட்டது. ஷொஸ்கால் ஆஸ்பத்திரியிலோ கருவிகள் தீர்ந்துபோயின. கால்களை அகற்றுவதற்குச் சந்தையில் மரமறுக்கும் வாளொன்றை வாங்கவேண்டியதாயிற்று என அங்கு பணிபுரிந்தோர் பகிரங்கமாக அறிவித்தனர். இராணுவமும், வல்லரசுகளின் தூதுக்குழுக்களும் இறங்க இடமிருந்த ஓடுபாதையிலே, நோயாளியின் இயந்திரத்துக்கு இடம் பின்தள்ளப்பட்டது. இதனைத் தனியொரு அதிகாரியின் கொடுமையென நாம் கூறவில்லை. எவருடைய விமானம் முதலில் இறங்குவது எனும் கேள்விக்கு, அந்த ஓடுபாதையில் விடை கூறியவர் அந்நாட்டு மக்களல்லர் என்பதே நாம் சுட்டிக்காட்ட விழைவது.

திருப்பப்பட்ட சரக்குகள் தரைவழியாக வந்து சேர்ந்தன. அவற்றுள் காற்றடைத்து நிறுத்தும் கூடார ஆஸ்பத்திரியும் ஒன்று. 2005இல் பாகிஸ்தானியப் பூகம்பத்தின்போது இதே ஸ்தாபனம் பயன்படுத்திய இம்முறை, ஹெயிட்டியிலே ஒரு பாடசாலையின் விளையாட்டு மைதானத்தில், சத்திரசிகிச்சைக் கூடங்களுடனும் சுமார் 100 கட்டில்களுடனும் எழுந்தது. நிலம் மீண்டும் மீண்டும் அதிர்ந்துகொண்டிருந்தமையால், கூரையின் கீழ்ப் படுக்கவே மக்கள் அஞ்சினர். துணிக்கூரை அவ்வச்சத்தையும் போக்கிற்று. மே மாத இறுதிக்குள் ஸ்தாபனம் 173,000க்கு மேற்பட்டோருக்குச் சிகிச்சையளித்து, 11,000க்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளைச் செய்திருந்தது. அதன் வரலாற்றில் அதுவரை காணாத பெரும் பணி இதுவாகும்.

இச்சாதனைக்குக் காரணம் யாது? விமானங்களின் வேகமன்று, ஸ்தாபனம் ஏற்கெனவே அங்கே இருந்தமையே முதற் காரணம். பத்தொன்பது ஆண்டுகளாக அந்நகரின் தெருக்களையும் மொழியையும் அறிந்த, பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொழிலாளர் இருந்தனர். கட்டடம் இடிந்தபோதும் அவர்களுடைய தொழிலறிவு இடியவில்லை. ஆனால் இதே உண்மைக்கு மறுபுறமும் உண்டு. ஒரு நாட்டின் தலைநகரில் வறியவனின் உடைந்த காலுக்குப் பத்தொன்பது ஆண்டுகளாக ஓர் அந்நியத் தரும ஸ்தாபனம் பொறுப்பேற்கவேண்டி வந்ததேன்?

இதற்கு விடை காண நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். 1791இற் கிளர்ந்தெழுந்த அடிமைகள், பிரெஞ்சுப் படைகளை முறியடித்து, 1804இல் ஹெயிட்டியைச் சுதந்திர நாடாகப் பிரகடனஞ் செய்தனர். அடிமைகளே வென்று நிறுவிய அரசு அது. அவ்வெற்றியை உலகின் எசமானர்கள் மன்னிக்கவில்லை. 1825இற் பிரெஞ்சு மன்னன் பத்தாம் சார்ல்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, பறிபோன 'சொத்து'க்கு நட்டஈடாக 15 கோடி பிராங் கேட்டான். அச்சொத்தில் மனித உடல்களும் அடங்கின. தொகை 1838இல் 9 கோடியாகக் குறைக்கப்பட்டபோதிலும், அதனைச் செலுத்தப் பாரிஸ் வங்கிகளிலேயே கடன்பட நேர்ந்தது. இக்கடன்களின் சுமை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது. பாடசாலையும் ஆஸ்பத்திரியும் ஆகியிருக்கவேண்டிய பணம் கடல்கடந்து சென்றது. 1915 முதல் 1934 வரை ஐக்கிய அமெரிக்கப் படைகள் நாட்டை ஆக்கிரமித்து ஆண்டன. 1957 முதல் 1986 வரை டுவாலியே குடும்பத்தின் சர்வாதிகாரம். 1990களின் நடுவில், வெளிநாட்டு நெருக்குதலின்பேரில் அரிசி மீதான இறக்குமதித் தீர்வை 3 வீதமாகக் குறைக்கப்பட்டது. மலிவான அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. உள்ளூர் உழவன் நொடிந்தான். இக்கொள்கை தவறென 2010 மார்ச்சில் முன்னாள் ஜனாதிபதி கிளின்டனே ஒப்புக்கொண்டார். நிலத்தை விட்ட உழவன் பிழைப்புத் தேடித் தலைநகர் சென்று, மலைச்சரிவிலே, மணல் மிகுந்து சீமெந்து குறைந்த கற்களால் வீடு கட்டினான். 1770இற்குப் பின் பெரிதாக அசையாதிருந்த பூமி 2010இல் அசைந்தபோது, அவ்வீடுகள் அவன்மீதே வீழ்ந்தன. அந்த வீழ்ச்சி 1825இலேயே தொடங்கிவிட்டது எனில் மிகையாகாது.

தருமத்தின் பணமும் இவ்வரலாற்றை மாற்றவில்லை. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின், எமது நாடு உட்படப் பல நாடுகளுக்கெனப் பணம் வந்து குவிந்தபோது, வேலைக்குப் போதிய பணம் சேர்ந்துவிட்டது, இதற்கென இனி அனுப்பவேண்டாம் எனச் சில நாட்களுக்குள்ளேயே அறிவித்தது இதே ஸ்தாபனம். அது அரிய நேர்மை. ஹெயிட்டிக்கெனச் சேர்ந்த பெருந்தொகையிலோ, அவசர நிவாரணப் பணத்தில் நூற்றுக்கு ஒரு பங்களவே அந்நாட்டு அரசாங்கத்தின் கைக்குச் சென்றது. அரசு ஊழல் மிக்கது, திறனற்றது எனக் காரணங் கூறினர். ஆனால் பணமும் பொறுப்புமின்றி எவ்வரசு திறன்பெறும்? அரசாங்க ஆஸ்பத்திரியின் தாதிக்குச் சம்பளமில்லை. பக்கத்துக் கூடாரத்திலோ நிறைந்த மருந்து.

அவ்வாண்டு ஒக்டோபரில் வாந்திபேதி வந்தது. கொலரா கிருமியை ஐக்கிய நாடுகள் படையின் முகாமொன்றிலிருந்து கசிந்த கழிவு ஆற்றிற் சேர்த்ததென ஆய்வுகள் நிறுவின. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். தன் பங்கினை அச்சபை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது 2016இலேயே. அதே படையிற் சேவைசெய்த இலங்கைச் சிப்பாய்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர், பாலியற் சுரண்டற் குற்றச்சாட்டின்பேரில் 2007இல் திருப்பியனுப்பப்பட்டனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. உதவி எனும் பெயரிற் சென்றவர்கள் யாருக்குப் பதில் கூறக் கடமைப்பட்டவர்கள் என்ற கேள்வி எம்மையும் தொடுகின்றது. வாந்திபேதியிலும் எல்லைகளற்ற மருத்துவர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோருக்குச் சிகிச்சையளித்தனர். ஏனைய ஸ்தாபனங்களின் தாமதத்தையும் வெளிப்படையாகக் கண்டித்தனர்.

ஆயினும் தருமத்தின் ஆஸ்பத்திரி திறந்த கையாலேயே மூடப்படக்கூடியது. பூகம்பத்தின் மையத்தை அண்டிய லெயோகானில், சரக்குப் பெட்டிகளால் அமைத்து 2010இல் திறந்த ஆஸ்பத்திரி 2015இல் மூடப்பட்டது. மார்த்திஸான் நிலையத்தை ஆயுதக் கும்பல்களின் வன்முறையால் 2021இல் விட்டு நீங்க நேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 14ஆந் திகதி நாட்டின் தென்மேற்கை 7.2 அளவான அதிர்ச்சி தாக்கி 2,200க்கு மேற்பட்டோரைக் கொன்றபோது, காயமுற்றோர் மீண்டும் ஆஸ்பத்திரி முற்றங்களிற் கிடந்தனர்.

இவற்றால், தருமம் வேண்டாம் என நாம் வாதிக்கவில்லை. இரத்தம் வடியும்போது சரித்திரம் பேசிக்கொண்டிருப்பவன் மனிதனல்லன். காயத்தைக் கட்டிய கைகளுக்கு எமது வணக்கம் உரித்தாகுக. அவற்றுள்ளும் எவரும் படம் பிடிக்காத ஹெயிட்டித் தாதியின் கைகளுக்கு முதல் வணக்கம். ஆனால் அத்தாதிக்கு நாம் செய்யவேண்டியது வணக்கத்தோடு முடிவதன்று. அவளுக்கு மாதந்தோறும் சம்பளம் கொடுக்கும், அதிர்ச்சியிலும் நிலைத்து நிற்கும், வறியவனிடம் கையுறைக்குக் காசு கேளாத ஆஸ்பத்திரி ஒன்று வேண்டும். அதனை நடத்துவோர் அந்நாட்டு மக்களுக்கே கணக்குக் காட்டக் கடமைப்பட்டவராதல் வேண்டும். அத்தகைய ஆஸ்பத்திரியை விமானத்திற் கொண்டுசென்று இறக்க இயலாது. அதனைக் கட்டுவதற்குரிய பணத்தையும் உரிமையையும் அம்மக்களிடமிருந்து பறித்தவர்கள் திருப்பிக் கொடுக்கும்வரை, ஹெயிட்டியின் கடன் தீரவில்லை. கடன்பட்டவர் ஹெயிட்டியரல்லர் என்பது மாத்திரமே வேறுபாடு.