கடை திறப்பும் கைம்மாறு இல்லாத உழைப்பும்: ஒரு பொம்மைக் கட்டியின் வரலாறு



போன வாரம் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு சின்ன வாக்குவாதம். அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன், அங்கே புதிதாகத் திறந்த லெகோ கடையில் இரண்டு நாள் சம்பளமில்லாமல் வேலை செய்ததாகப் படம் போட்டிருந்தான். "கோடி கோடியாகச் சம்பாதிக்கிற கம்பெனிக்கு நீ ஏண்டா ஓசியில் உழைக்கிறாய்?" என்று அவன் சித்தப்பா கேட்டுவிட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் பதில் சொல்ல, கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும்.

டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூர். ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் அங்கே தச்சர். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வீடு கட்டுவோர் இல்லை. தச்சு வேலையும் இல்லை. 1932இல் மரப் பொம்மை செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி 1934இல் 'லெகோ' என்று பெயர் வைத்தார். 1942இல் பட்டறை தீயில் எரிந்தது, மறுபடி கட்டினார். போருக்குப் பின் பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரம் வாங்கினார். பிரிட்டனில் ஹிலாரி பேஜ் என்பவர் செய்த கட்டிகளைப் பார்த்து, 1949இல் தன் கட்டிகளை வெளியிட்டார். அவை சரியாகப் பிடித்து நிற்கவில்லை. மகன் காட்ஃபிரெட் காலத்தில் உள்ளே குழாய் வைத்த வடிவம் வந்தது. அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த நாள் 28 ஜனவரி 1958. அந்த ஆண்டின் கட்டி இன்றைய கட்டியோடும் பொருந்தும்.

எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டிகள் ஆறு இருந்தால், 91,51,03,765 விதமாக இணைக்கலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டார். வளர்ந்தவர்களையும் இது பிடித்து வைப்பதில் என்ன வியப்பு?

ஆனால் வளர்ந்த ரசிகர்களைக் கம்பெனி நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. பொம்மை குழந்தைகளுக்கு, வெளியார் யோசனை வேண்டாம் என்பதே நிலை. 1998இல் ஒரு திருப்பம். மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற ரோபோ பொம்மை வந்த சில வாரங்களிலேயே, ஒரு ஸ்டான்ஃபோர்டு மாணவர் அதன் மூளையாக இருந்த மென்பொருளை ஆராய்ந்து உலகுக்கு விளக்கிவிட்டார். வழக்குப் போடலாமா என்று யோசித்த நிறுவனம், கடைசியில் 'மாற்றிப் பார்க்கலாம்' என்று உரிமத்திலேயே அனுமதி எழுதியது. எதிரியாகத் தெரிந்தவர்கள் உதவியாளர் ஆனார்கள்.

2003இல் சுமார் 93 கோடி டேனிஷ் குரோனர் நட்டம். 2004இல் அதைப் போல இரண்டு மடங்கு. மூழ்கிவிடும் என்றே பலர் நினைத்தார்கள். அதே 2004இல், தலைமுறையாக இருந்த சாம்பல் நிறத்தை நிறுவனம் சற்று நீலம் கலந்து மாற்றியது. நமக்கு அற்ப விஷயம். வருடக்கணக்காகச் சேர்த்த கட்டிகளில் கோட்டை கட்டியவர்களுக்கோ, பழையதும் புதியதும் ஒட்டாது. பெரும் கோபம் எழுந்தது. 2005இல் ரசிகர் குழுக்களோடு நேரடியாகப் பேசும் தூதர் திட்டம் வந்தது. ரசிகராக இருந்த ஜேமி பெரார்ட் நிறுவனத்தில் சேர்ந்து, பெரியவர்களுக்கான 'கஃபே கார்னர்' கட்டடத்தை 2007இல் வடிவமைத்தார். நிறுவனம் மீண்டதற்குப் பல காரணங்கள். தேவையற்ற உதிரி வடிவங்களைக் குறைத்தது பெரிய காரணம். ரசிகர்களின் சொல்லுக்குக் காது கொடுத்ததும் ஒன்று.

இனி கடைக்கு வருவோம். 1992இல் மினசோட்டாவில் மால் ஆஃப் அமெரிக்கா திறந்தபோது லெகோவும் அங்கே கடை வைத்தது. இன்று உலகெங்கும் ஆயிரத்துக்கு மேல். அமெரிக்காவில் புதுக் கடை திறந்தால், ஆளுயரத்துக்கும் மேலான ஒரு உருவத்தைப் பொதுமக்கள் சேர்ந்து கட்டுவது வழக்கம். குழந்தைகள் சிறு கட்டிகளை அடுக்கி ஒரு பெரிய கட்டி செய்வார்கள்; கம்பெனியின் கட்டுநர் அதை உருவத்தில் ஏற்றுவார். மேசைக்கு மேசை நின்று, கோணலாகப் போன அடுக்கைச் சரிசெய்து கொடுக்கும் வேலையில்தான் ஊர் ரசிகர் குழுவினர் கை கொடுப்பார்கள். சிலர் தாம் கட்டியவற்றைக் கொண்டுவந்து காட்சிக்கு வைப்பார்கள்.

என் கருத்து இது. சித்தப்பா கேட்டது தவறில்லை. லாபம் பார்க்கிற இடத்தில் இலவச உழைப்பு நுழையும்போது, கூலிக்காரன் ஒருவனின் இடத்தை அது பறிக்கிறதா என்று பார்க்கவேண்டும். குழந்தையின் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பது வேறு. கிடங்கில் பெட்டி தூக்குவது வேறு. முதலாவதை மனமாரச் செய்யலாம். இரண்டாவதற்குக் கூலி கேட்க வேண்டும்.

இன்னொன்றும் பார்க்கவேண்டும்: நாம் பேசினால் எதிர்த்தரப்பு கேட்கிறதா? கேட்கிறவரை அது உறவு. கேட்பது நின்ற நாளில், அது வெறும் சுரண்டல். சாம்பல் நிறத்துக்காகச் சண்டை போட்டவர்கள் அந்த உரிமையை நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். முதலாளிகளின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் பெயர் இல்லை. அதனால்தான் இத்தனை நீளமாக எழுதினேன்.

உங்களில் யாராவது இப்படிச் சம்பளமில்லாத வேலை செய்ததுண்டா? ஏன் செய்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.