திரையில் பிறந்த பூனைக்குட்டிகள்

மெண்டல் தம் பட்டாணிச் செடிகளோடு 8 ஆண்டுகள் பாடுபட்டார். 1866-இல் அவர் வெளியிட்ட கணக்கில் உருண்டை விதைகள் 5,474, சுருங்கியவை 1,850. ஏறத்தாழ 3:1. கல்லூரி மாணவர் அத்தனை விதைகளுக்கு எங்கே போவார்? பழ ஈயே ஒரு தலைமுறைக்குப் பத்து நாள் கேட்கிறதே!

1957-இல் ஆஸ்திரேலியாவில் அலெக்ஸ் ஃபிரேசர் மரபுக் கலப்பைக் கணிப்பொறியிலேயே நடத்திப் பார்த்தார். அது ஆராய்ச்சிக்கு. 1980-களில் ஜூடித் கின்னியரின் 'கேட்லேப்' வகுப்பறைக்கு வந்தது. மாணவர்களே ஆண், பெண் பூனைகளைத் தேர்ந்து இணைத்தார்கள். திரையில் குட்டிகள் பிறந்தன.

நான் இயற்பியல்காரன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, இத்தகைய புரோகிராம் ஒன்றில் சாம்பல் நிறத்தை மறைவாகக் கொண்ட இரு கரும்பூனைகளை இணைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "மூணு கறுப்பு, ஒரு சாம்பல்னு பாடத்துல இருக்கு சார். நாலும் கறுப்பா வந்திருக்கே, மெஷின் தப்பா?"

தப்பில்லை. நீங்களே இரு நாணயங்களைச் சுண்டுங்கள். இரண்டிலும் பூ விழுந்தால் சாம்பல் குட்டி, மற்றபடி கறுப்பு. நான்கு குட்டிகளில் சரியாக 3:1 அமைவது 100-க்குச் சுமார் 42 தடவைதான். நான்குமே கறுப்பாவது 32 தடவை. கணிப்பொறி செய்வதும் இந்தச் சுண்டலையே. (நாம் எழுதிக் கொடுத்த விதிக்கு மேல் அது எதையும் கண்டுபிடிப்பதில்லை என்பதையும் அவளிடம் சொன்னேன்.)

மறுநாள் அவள் 400 குட்டிகள் கேட்டாள். அப்போது விகிதம் 3:1-ஐ ஒட்டியே வந்தது.