ஹூகோ விருதும் ‘தகுதி’ என்னும் பழைய பாட்டும்

‘கோட்டாவில் வந்தவர்’ என்ற சொல் காதில் விழாமல் கல்லூரிப் படிப்பை முடித்த தலித் மாணவர் நம்மிடையே அரிது. நல்ல மதிப்பெண் எடுத்தாலும் அந்தச் சொல் வரும், எடுக்காவிட்டாலும் வரும். இதே சொல் கடல் கடந்து, விண்கலங்களையும் வேற்றுக்கிரகங்களையும் பற்றிக் கதை எழுதுகிறவர்களின் உலகத்திலும் அரை நூற்றாண்டுக்கு மேலாக உலவி வருகிறது. அங்கே அண்மை ஆண்டுகளில் நடந்த சண்டைகளைச் செய்தியாக மட்டும் படித்தால் கதைப்புத்தகப் பைத்தியங்களின் குடுமிப்பிடி போலத் தெரியும். வரலாறாகப் படித்தால் நமக்கு நன்கு பழக்கமான ஒன்று கண்ணில் படுகிறது. விலக்கி வைக்கப்பட்டவர்கள் ஒருவர் இருவராக உள்ளே வரும்போது ‘தகுதி’ வெறும் கேலியாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் எண்ணிக்கை கூடியதும் அந்தக் கேலி ஒரு படையாகத் திரள்கிறது.

முதலில் ஹூகோ விருது என்றால் என்ன என்று சொல்லிவிடுவோம். உலக அறிவியல் புனைகதை மாநாடு ஆண்டுதோறும் ஒவ்வோர் ஊரில் நடக்கும். அதில் 1953 முதல் வழங்கப்படும் விருது இது. பேராசிரியர்கள் கூடி முடிவு செய்வதல்ல. கட்டணம் கட்டி உறுப்பினரான ரசிகர்களே பெயர்களை முன்மொழிந்து, வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது. கேட்க மிகவும் சனநாயகமாக இருக்கிறது. ஆனால் 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் மாநாட்டிலேயே ஆறு இளைஞர்களை வாசலில் தடுத்து நிறுத்தினார்கள். இடதுசாரிகள், துண்டறிக்கை கொடுத்துக் கலகம் செய்வார்கள் என்பது காரணம். ஆகவே ‘ரசிகர்களுக்குள் அரசியலைக் கொண்டுவராதீர்கள்’ என்று இன்று யாராவது சொன்னால், அது முதல் நாளே வந்துவிட்டது என்று நாம் பதில் சொல்லலாம்.

கறுப்பர்கள் இந்த வகைக் கதைக்குப் புதியவர்கள் என்பதும் பொய். டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் 1920-இல் ‘தி காமெட்’ என்ற கதையை எழுதினார். வால்நட்சத்திரம் ஒன்று நியூயார்க்கை நச்சுக்காற்றால் அழிக்கிறது. வங்கியின் நிலவறைக்கு அனுப்பப்பட்ட கறுப்புப் பணியாளர் ஒருவர் பிழைக்கிறார். பணக்கார வெள்ளைப் பெண் ஒருவரும் பிழைக்கிறார். உலகத்தில் எஞ்சியது நாம் இருவர்தான் என்று நம்பும்வரை அவர்கள் மனிதர்களாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பெண்ணின் தந்தை உயிரோடு வந்து சேர்ந்ததும் நிறவெறியும் கூடவே வந்துவிடுகிறது. 1946-இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதியது இதே டுபாய்ஸுக்குத்தான். கறுப்பர்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டு, தீண்டப்படாதோரின் நிலையும் அவர்கள் நிலையும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று அதில் குறிப்பிட்டிருந்தார். நம்மில் பலர் அந்தக் கடிதத்தை அறிவோம். அதைப் பெற்றவர் அறிவியல் புனைகதை எழுதியவர் என்பதையும் சேர்த்து அறிந்துகொள்வோம்.

இனி டெலானியின் கதைக்கு வருவோம். சாமுவேல் டெலானி 1942-இல் ஹார்லெமில் பிறந்தவர். இருபது வயதில் முதல் நாவல். எழுத்தாளர்களே வாக்களித்து வழங்கும் நெபுலா விருதை இருபத்தைந்து வயதுக்குள் பெற்றுவிட்டார். 1968-இல் வெளிவந்த ‘நோவா’ என்ற நாவலைத் தொடராக வெளியிடக் கேட்டு ‘அனலாக்’ இதழின் ஆசிரியர் ஜான் டபிள்யூ. கேம்ப்பெலுக்கு அனுப்பினார்கள். கேம்ப்பெல் சாதாரண ஆளில்லை. 1937 முதல் 1971-இல் சாகும்வரை அந்த இதழின் நாற்காலியில் இருந்தவர். அசிமோவையும் ஹைன்லைனையும் வளர்த்தெடுத்தவர். அடிமைமுறைக்குச் சப்பைக்கட்டு கட்டித் தலையங்கம் எழுதியவரும் அவரே. டெலானியின் முகவரைத் தொலைபேசியில் அழைத்து அவர் சொன்ன பதில் நமக்கு மனப்பாடம்: நாவல் நன்றாக இருக்கிறது, ஆனால் கதாநாயகன் கறுப்பர், என் வாசகர்களால் அவரோடு ஒன்ற முடியாது.

இந்தப் பதிலின் சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். எனக்குப் பாகுபாடு இல்லை, வாசகர்களுக்குத்தான். எனக்கு ஆட்சேபம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஒப்பமாட்டார்கள் என்று வாடகை வீடு மறுக்கப்பட்ட எவருக்கும் இதை மேலே விளக்க வேண்டியதில்லை.

1968 மார்ச்சில் நெபுலா விருந்து. அன்றிரவு நாவலுக்கு ஒன்று, சிறுகதைக்கு ஒன்று என்று டெலானிக்கு இரண்டு விருதுகள். அப்போது ஐசக் அசிமோவ் அவர் காதருகே குனிந்து, நீ கறுப்பர் என்பதால்தான் உனக்கு வாக்களித்தோம் என்று சொல்லிச் சிரித்தார். நகைச்சுவைதான், அசிமோவ் தன்மேல் அன்புள்ளவர், அன்றைய இறுக்கத்தைத் தளர்த்தவே அப்படிச் சொன்னார் என்று டெலானியே எழுதுகிறார். ஆனாலும் என் நிறம் நினைக்கப்படாத ஒரு கணம்கூட இங்கே எனக்கு வாய்க்காது என்பதை அந்தச் சிரிப்பிலிருந்து புரிந்துகொண்டேன் என்கிறார். இனவெறியும் அறிவியல் புனைகதையும் பற்றி 1998-இல் அவர் எழுதிய கட்டுரையில் இது இருக்கிறது. அசிமோவ் கெட்டவர் என்று காட்ட அதை எழுதவில்லை. நல்லவர்களும் சேர்ந்து நடத்துவதுதான் அமைப்பு என்று காட்டவே எழுதினார். நம் கூட்டங்களில் ஆள்பெயரைச் சொல்லித் திட்டுவது எளிதாகவும் முறையைப் பேசுவது கடினமாகவும் இருக்கிறது. அந்தக் கட்டுரையை நம் மாணவர் வட்டங்களில் தமிழாக்கிப் படிக்க வேண்டும் என்பது நம் ஆசை.

அதே கட்டுரையில் ஒரு கணிப்பும் உண்டு. கறுப்பு எழுத்தாளர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருக்கும்வரை பாகுபாடு மெல்லியதாகத்தான் தெரியும். நூற்றுக்குப் பதின்மூன்று, பதினைந்து, இருபது என்று வளர்ந்து பொருளாதாரப் போட்டியாகும்போது அதன் உண்மையான முகம் தெரியும் என்றார். எழுதிப் பதினைந்து ஆண்டுகளில் அது நடந்தது.

அதற்கு முன் ஒரு விதை விழுந்த கதையைச் சொல்ல வேண்டும். ஆக்டேவியா பட்லர், வீட்டுவேலை செய்த தாயின் மகள். முதலாளிகளின் வீட்டுக்குள் தாய் பின்வாசல் வழியாக நுழைவதைப் பார்த்து வளர்ந்தவர். 1970-இல் கிளாரியன் எழுத்துப் பட்டறைக்குப் போனார். அங்கே பாடம் சொன்னவர்களில் டெலானி ஒருவர். பிறகு ஹூகோ, நெபுலா, 1995-இல் மெக்கார்தர் நல்கை. 2006-இல் அவர் இறந்ததும், வெள்ளையர் அல்லாத எழுத்தாளர்கள் கிளாரியன் பட்டறைகளில் சேர அவர் பெயரில் உதவித்தொகை ஏற்படுத்தினார்கள். ஏற்படுத்தியது கார்ல் பிராண்டன் சங்கம். கார்ல் பிராண்டன் என்று ஒருவர் கிடையாது என்பதுதான் வேடிக்கை. 1950-களில் வெள்ளை ரசிகர்கள் சிலர் கற்பனையாக ஒரு கறுப்பு ரசிகரைப் படைத்து அவர் பெயரில் எழுதி வந்தார்கள். 1999-இல் உண்மையான மனிதர்கள் அந்தப் பொய்ப் பெயரை எடுத்துத் தங்கள் சங்கத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

அந்த உதவித்தொகையில் 2015-இல் கிளாரியன் வெஸ்ட் பட்டறைக்குப் போனவர் கொல்கத்தாவைச் சேர்ந்த மிமி மண்டல். தன்னைத் தலித் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட எழுத்தாளர். பட்லரைப் பற்றிய கடிதங்களும் கட்டுரைகளும் கொண்ட ஒரு நூலை அவர் அலெக்சாண்ட்ரா பியர்ஸுடன் சேர்ந்து தொகுத்தார். 2018-இல் அது லோகஸ் விருது பெற்றது. ஹூகோவின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. பாசடீனாவின் ஒரு பின்வாசலிலிருந்து கொல்கத்தாவரை வந்த வழி இது. இதைத்தான் அவர்கள் ‘சலுகை’ என்கிறார்கள்.

இனி படை திரண்ட கதை. 2013-இல் லாரி கொரெயா என்ற எழுத்தாளர் ‘சோக நாய்க்குட்டிகள்’ என்ற பெயரில் ஒரு பிரச்சாரம் தொடங்கினார். ஹூகோ கருத்துப் பிரச்சாரக் கதைகளுக்குப் போகிறது, நல்ல சாகசக் கதைகளுக்கு மதிப்பில்லை என்பது குறை. 2015-இல் தலைமையேற்ற பிராட் டோர்கெர்சன், ஹூகோ இடஒதுக்கீட்டு விருதாகிவிட்டது என்ற பொருளில் வெளிப்படையாகவே எழுதினார். கூடவே தியோடர் பீல் என்பவரின் ‘வெறிநாய்க்குட்டிகள்’ அணியும் இறங்கியது. கறுப்பு எழுத்தாளரான என்.கே. ஜெமிசினைப் பாதி நாகரிகமற்றவர் என்று இனவெறியோடு எழுதி, 2013-இல் எழுத்தாளர் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் இந்தப் பீல். எங்கள் பட்டியலில் பெண்களும் இருக்கிறார்கள், வெள்ளையர் அல்லாதவர்களும் இருக்கிறார்கள் என்று முதல் அணியினர் காட்டினார்கள். இருந்தார்கள்தான். நம் ஊர்க் கட்சிகளின் மேடைகளிலும் நம்மவர்கள் ஓரமாக உட்கார்ந்துதான் இருக்கிறார்கள்.

அவர்கள் செய்த தந்திரம் எளிது. முன்மொழிவில் ஆளுக்கு ஐந்து பெயர் எழுதலாம். ஆயிரக்கணக்கான நூல்களில் மற்றவர்களின் வாக்கு சிதறிப்போகும். சில நூறு பேர் அதே ஐந்து பெயரை எழுதினால் இறுதிப் பட்டியலின் ஐந்து இடமும் அவர்களுடையது. விதிமீறல் எதுவும் இல்லை. தகுதி பேசியவர்கள் தகுதியைத் தேடிய வழி இதுதான்.

ரசிகர்கள் திருப்பி அடித்தார்கள். ஹூகோ வாக்குச்சீட்டில் நம் நோட்டாவைப் போல ‘விருது எவருக்கும் இல்லை’ என்ற தேர்வு உண்டு. நம் நோட்டாவைப் போலன்றி அது வெற்றியும் பெறும். 2015 ஆகஸ்டில் ஸ்போகேன் நகரில் 5,950 பேர் வாக்களித்தார்கள். அதுவரை காணாத எண்ணிக்கை. ஐந்து பிரிவுகளில் ‘எவருக்கும் இல்லை’ வென்றது. அதற்கு முந்தைய ஹூகோ வரலாறு முழுவதிலும் சேர்த்தே ஐந்து முறைதான் அப்படி நடந்திருந்தது. நாய்க்குட்டிகள் தேர்ந்தெடுத்த எழுத்தாளர் மார்கோ க்ளூஸ், இந்த வழியில் வந்த இடம் எனக்கு வேண்டாம் என்று விலகினார். அவர் விட்ட இடத்தில் நுழைந்த சீன நாவல் ‘மூன்று உடல் சிக்கல்’ அவ்வாண்டின் சிறந்த நாவலாகத் தேர்வானது. பிறகு முன்மொழிவுகளை எண்ணும் விதியையே மாற்றினார்கள். ஒருவர் எழுதிய பெயர்களில் எத்தனை களத்தில் மிஞ்சுகின்றனவோ அத்தனை பங்காக அவருடைய ஒற்றை வாக்கு பிரியும். 2017-இல் அது நடைமுறைக்கு வந்தது. கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிற்காமல் விதிப்புத்தகத்தில் கை வைத்தார்களே, அதை நம் இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பீல் யாரை இழிவு செய்தாரோ அந்த ஜெமிசின் 2016, 2017, 2018 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சிறந்த நாவலுக்கான ஹூகோவை வென்றார். அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பு எழுத்தாளரும் அவரே, மூன்று ஆண்டு தொடர்ந்து வென்ற முதல் எழுத்தாளரும் அவரே. மூன்றாவது விருதை வாங்கிக்கொண்டு மேடையில் அவர் பேசியதன் சாரம் இது: அவர்கள் வென்றால் தகுதி என்கிறார்கள், நாங்கள் வென்றால் அடையாள அரசியல் என்கிறார்கள்.

விருதுகளின் பெயரும் உருவமும் அடுத்த சண்டை. உலக மிகுபுனைவு விருதுக்கு 1975 முதல் எச்.பி. லவ்கிராஃப்டின் தலைச்சிலையைக் கொடுத்து வந்தார்கள். கறுப்பர்களை அரைமனிதர்களாகச் சித்தரித்து 1912-இல் கவிதை எழுதியவர் அவர். 2011-இல் அந்த விருதை வென்ற நெடி ஒகோராஃபோர், இந்தத் தலையை என் வீட்டில் எப்படி வைப்பேன் என்ற கேள்வியை எழுப்பினார். 2014-இல் டேனியல் ஹொசே ஓல்டர் மனு இயக்கம் நடத்தினார். 2015-இல் சிலையைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். அதைக் கண்டித்து, தான் வாங்கிய விருதுகளைத் திருப்பி அனுப்பியவர் லவ்கிராஃப்ட் ஆய்வாளர் எஸ்.டி. ஜோஷி, புனேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்பவர்.

கேம்ப்பெல் பெயரிலும் 1973 முதல் புதிய எழுத்தாளருக்கான விருது ஒன்று ஹூகோ மேடையில் வழங்கப்பட்டு வந்தது. 2019 ஆகஸ்ட் 18 அன்று டப்ளினில் அதைப் பெற்ற ஹாங்காங்கில் பிறந்த ஜீனெட் இங், கேம்ப்பெல் ஒரு பாசிஸ்ட் என்று மேடையிலேயே சொன்னார். நன்றி கெட்டவர் என்றார்கள். கேம்ப்பெல் அந்தக் காலத்து மனிதர் என்றார்கள். எந்தக் காலம்? ‘நோவா’வை அவர் மறுத்தது 1964 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு. ஒன்பதே நாளில், ஆகஸ்ட் 27 அன்று, விருதின் பெயரை ‘அஸ்டவுண்டிங்’ என்று மாற்றுவதாக ‘அனலாக்’ அறிவித்தது. மறு ஆண்டு இணையவழி நடந்த விழாவில் ஜீனெட் இங்கின் பேச்சுக்கே ஒரு ஹூகோ கிடைத்தது. அதே விழாவைத் தொகுத்து வழங்கிய ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின், கேம்ப்பெலின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். வெள்ளையர் அல்லாத பலரின் பெயர்களைத் தப்பாக உச்சரித்தார். பெயரை மாற்றிவிடலாம், வாயை மாற்ற நாளாகும்.

பெயர் மாறிய விருதை முதலில் வாங்கியவர் ஆர்.எஃப். குவாங். காலனியத்தைப் பற்றிய அவருடைய ‘பேபல்’ நாவலுக்கு நெபுலா விருதும் கிடைத்தது. 2023 அக்டோபரில் சீனாவின் செங்டுவில் நடந்த ஹூகோ விழாவிலோ அதன் பெயரே காணோம். 2024 சனவரியில் வெளியான புள்ளிவிவரத்தில்தான் தெரிந்தது: போதுமான முன்மொழிவுகள் இருந்தும் ‘தகுதியற்றது’ என்று நீக்கியிருக்கிறார்கள். காரணம் சொல்லவில்லை. ஷிரான் ஜே ஜாவ், பால் வைமர் ஆகியோரும் அப்படியே. பிப்ரவரியில் கசிந்த மின்னஞ்சல்களில், சீனாவைப் பற்றி யார் என்ன எழுதினார்கள் என்று விருது நிர்வாகிகள் துப்புத் திரட்டியது அம்பலமானது. திரட்டியவர்கள் மேற்கத்திய நிர்வாகிகள். வைமர் திபெத்துக்குப் போனவர் என்று குறித்து வைத்திருந்தார்கள். அவர் போனது நேபாளம். 1967-இல் வாசகர்களைக் காட்டி மறுத்தார்கள், 2023-இல் இன்னொரு நாட்டின் சட்டத்தைக் காட்டி மறுத்தார்கள்.

2024-இல் கிளாஸ்கோவுக்கு வேறொரு குழு பொறுப்பேற்றது. யார் நீக்கப்பட்டார்கள், ஏன் நீக்கப்பட்டார்கள் என்பதை இறுதிப் பட்டியலோடு சேர்த்தே வெளியிட்டது. சூலையில் இன்னோர் அறிவிப்பு வந்தது. பதிவான 3,813 வாக்குகளில் 377 செல்லாதவை. வரிசை எண்களையே ஆட்பெயராக எழுதிப் பணம் கட்டி உறுப்பினராகியிருந்தார்கள். நம் ஊரில் இதற்குக் கள்ள ஓட்டு என்று பெயர். அந்த வாக்குகள் யாருக்கு விழுந்தனவோ அவருக்கு இதில் பங்கிருந்ததாகச் சான்றில்லை என்று சொல்லி, அவர் பெயரை வெளியிடாமல் போட்டியில் தொடர விட்டார்கள்.