ஏத்தத்துக்குக் கூட்டலாம், எறக்கத்துக்கு?

நமது விடுதியில் 'ஏலக்காய்' என்றால் அது அடியேன்தான். போடிநாயக்கனூரில் என் அப்பா ஜீப் ஓட்டினார். விடியுமுன் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி போடிமெட்டு ஏறுவார். மலருக்குக் கட்டுரை கேட்டதும் அந்த ஜீப்பின் கரும்புகைதான் கண்முன் வந்தது.

போடிமெட்டு சுமார் 4,500 அடி உயரம். மேலே போகப் போகக் காற்று இளகும். டர்போ இல்லாத இன்ஜின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சக்தியை இழக்கும். பம்பு தரும் டீசலோ குறையாது. எரியாத மிச்சம் புகையாகும். "அண்ணே, பம்பைக் கொஞ்சம் கூட்டி விடட்டா? பிச்சுக்கிட்டு ஏறும்" என்பார் மெக்கானிக். "ஏத்தத்துக்கு நீ கூட்டிருவ. எறக்கத்துக்கு பிரேக்கை எவன்டா கூட்டுவான்?" என்பார் அப்பா.

அந்த ஸ்குரூ டிரைவர் வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்ட கதை சுவையானது. 1979-ல் பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக், பி.எம்.டபிள்யூ. காரில் வந்தது. பெட்ரோல் அளவையும் தீப்பொறி நேரத்தையும் ஒரே பெட்டி தீர்மானித்தது. எந்த வேகத்துக்கு எவ்வளவு என்ற அட்டவணை அதன் சிப்பில் இருந்தது. சிப்பைக் கழற்றி, திருத்தி எழுதிய வேறு சிப்பைச் செருகினால் கூடுதல் சக்தி! பிற்பாடு பெட்டியைத் திறக்காமலே லேப்டாப்பில் மாற்றும் வசதி வந்தது.

நம் பக்கம் 1980-களின் இறுதியில் கோவை கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார் செய்தபோது எல்லாம் கார்புரேட்டர்தான். 1999-ல் உச்ச நீதிமன்றம் தலைநகரில் யூரோ விதிகளை விரைவுபடுத்திய பிறகே, புகையைக் குறைக்க வந்த கம்ப்யூட்டர் சாதாரணக் கார்களிலும் பரவியது. காற்றழுத்தத்தை அளந்து, மலைக்கேற்ப எரிபொருளைத் தானே குறைத்தது. புகையை அடக்க வந்த பெட்டியையே சக்தி கூட்டும் கருவியாக்கியது நம்மவர் ஆசை!

அந்த ஆசை என் வீட்டுக்கும் வந்தது. தங்கை மகன் தன் டர்போ டீசல் காரை 'ரீமேப்' செய்தான். "மாமா, இப்ப ஏறிப் பாருங்க!" என்றான். டர்போ அழுத்தத்தையும் டீசலையும் கூட்டிய அட்டவணை அது. கிளட்சோ பழையதுதான். குடும்பத்தோடு போடிமெட்டு ஏறும்போது பாதி வளைவில் கருகல் நாற்றம். இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் மடியில் கைக்குழந்தை, ஒரு பக்கம் பள்ளம். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு நின்றோம். தோட்டத்து ஜீப் ஒன்றுதான் எங்களை ஏற்றிச் சென்றது.

கம்பெனிக்காரன் மிச்சம் வைத்த சக்தி கஞ்சத்தனமல்ல. வெயிலுக்கும், சுமைக்கும், மட்டமான டீசலுக்கும், தேய்ந்த கிளட்சுக்கும் ஒதுக்கிய சேமிப்பு. அதை எடுத்துச் செலவழிக்கலாம். ஆனால் வண்டி முழுவதும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். பந்தயக்காரர்கள் பிரேக்கையும் கிளட்சையும் சேர்த்தே மாற்றுவது அதனால்தான்.

மறுவாரம் மருமகன் பழைய அட்டவணையையே ஏற்றிக்கொண்டு வந்தான். அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. நான் நமது கல்லூரியில் படித்து வந்தவன். இருந்தும் அவர் சொன்னது எனக்கு அந்த வளைவில்தான் புரிந்தது.