தனுஷ்கோடி ரயில் நிலையம்

இராமநாதபுரம் மாவட்டம், பாம்பன் தீவின் தென்கிழக்கு முனையில் இருந்த மீட்டர்கேஜ் முனையம். இன்று பயன்பாட்டில் இல்லை.

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், சென்னை–கொழும்பு 'போட் மெயில்' பயணத்தின் இந்தியப் பகுதி இங்கே முடிந்தது. பயணிகள் ரயிலிலிருந்து இறங்கி நீராவிக் கப்பல் ஏறினர். பாக் நீரிணையைக் கடந்து தலைமன்னார் சேர்ந்ததும், அங்கே கொழும்பு ரயில் காத்திருக்கும்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயலின்போது, பாம்பனிலிருந்து வந்த 653ஆம் எண் பயணிகள் ரயிலைக் கடல் அலை சுருட்டிக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலையமும் ஊரும் அழிந்தன. தனுஷ்கோடியை மனிதர் வாழத் தகுதியற்ற இடமாக அரசு அறிவித்ததால் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பாதை கைவிடப்பட்டது. கப்பல் போக்குவரத்து இராமேசுவரத்துக்கு மாறியது. நிலையச் சுவர்களின் சிதைவும் தண்ணீர்த் தொட்டியின் எச்சமும் மணலில் எஞ்சியுள்ளன. தனுஷ்கோடிக்கு மீண்டும் ரயில் செல்ல, இராமேசுவரத்திலிருந்து சுமார் 17 கி.மீ. பாதை அமைக்க 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது.