மணவாட்டி

மணம் + ஆட்டி. ஆட்டி என்றால் பெண். பெண்டாட்டி, சீமாட்டி, மூதாட்டி எல்லாம் அதன் சொந்தங்கள். ஆண்பால் மணவாளன். பெங்களூரு ஜீவனஹள்ளிப் பக்கம் தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் மணமகள் என்றுதான் அடிப்பார்கள். மணவாட்டி பிரசங்கத்துச் சொல். அங்கே அவள் ஒருத்தி அல்ல, சபை. மீசை வைத்தவர்களும் அதில் அடக்கம்.

பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் மணவாட்டி, உன்னதப்பாட்டில் மணவாளி. அந்தப் பாட்டுக்கு பிரெஞ்சு மடாதிபதி பெர்னார்டு (1090–1153) 86 பிரசங்கங்கள் எழுதியும் முடித்தபாடில்லை. தொடக்கப் பிரசங்கங்கள் முழுக்க முத்தம். கேட்டவர்கள் ஆண் துறவிகள். அவர்களுடைய ஆன்மாவைத்தான் அவர் மணவாட்டி என்றார். சியன்னா நகரத்துக் கத்தரீனாள் (1347–1380) இன்னும் துணிச்சல்காரி: மணவாட்டிக்குக் கிறிஸ்து அணிவிக்கும் மோதிரம் பொன்னல்ல, விருத்தசேதனத்தில் அறுத்த சதை என்று கடிதங்களில் எழுதினாள். 1349இல் இறந்த லக்சம்பர்க் இளவரசி போனின் ஜெபப் புத்தகத்தில் இயேசுவின் விலாக்காயம் உடலின்றித் தனியே, நட்டுக்குத்தாக, பாதாம்பருப்பு வடிவில், செக்கச்செவேலென்று பக்கத்தின் நடுவே நிற்கிறது. பெண்ணுறுப்பின் சாயல் என்கிறார்கள் கலை வரலாற்றாளர்கள் சிலர். வெறும் உருவகம் என்று இதையெல்லாம் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

நமக்கு இது புதிதுமல்ல. நம்மாழ்வார் பாசுரங்களில் திருமாலின் காதலியாகி, பராங்குச நாயகி ஆனார். பெர்னார்டின் அதே 12ஆம் நூற்றாண்டில் கன்னடத்து அக்கமகாதேவி சிவனை, தன் சென்னமல்லிகார்ஜுனனையே, புருஷன் என்றாள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் சீயோன் மகள் தேவமோகினி கிறிஸ்துவின் மேல் காதல்கொண்டு உருகுகிறாள், குறத்தி வந்து குறி சொல்கிறாள்.